ஆள் இருக்கு

அந்தச் செய்தி வந்தபோது என் கண்ணில் முப்பரிமாணக் கண்ணாடி இருந்தது. திரையிலே ஒரு மலைச்சரிவு என் மூக்குக்கு நேரே எழும்பி நின்றது. அதன் சமவுயரக்கோட்டைப் பாதி கீறியிருந்தேன். தொலைபேசி அடித்தது. எடுத்தவன் துஷ்யந்தன், தவமலர் அக்காவின் ஒரே பிள்ளை. சுவிஸின் பிரெஞ்சுப் பகுதியில், லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வேலை நேரத்தில் அவன் எனக்கு எடுத்ததே இல்லை.

“அண்ணை, அம்மா மோசம் போட்டா.”

“எந்த அம்மா?” என்று கேட்டேன். இப்படி ஒரு விசர்க் கேள்வியை யாராவது கேட்பார்களா? நான் கேட்டேன். அவனும் பொறுமையாக, “என்ர அம்மா, அண்ணை” என்றான்.

சூரிச்சுக்குப் பக்கத்தில், ஊஸ்டரில் தன்னுடைய வீட்டில், காலையில் எங்கேயோ போக வெளிக்கிட்டிருக்கிறார். ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, வாசல் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். கண்ணாடியைக் கழற்றாமலே அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதும் முன்னால் நின்ற மலை பிரிந்து இரண்டு தட்டைப் படங்களாகப் போய்விட்டது.

செத்தவீடு முடிந்து இரண்டு நாளில் துஷ்யந்தன் மறுபடி எடுத்தான். அவனுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது, “அம்மாவின்ர வாசல் கொழுவியில இருந்த ஜாக்கெட்டைக் காணேல்லை. நீங்கள் கொண்டு போனனீங்களோ?” இரண்டாவது, கல்வெட்டைப் பற்றியது. முப்பத்தோராம் நாளில் எல்லோருக்கும் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள். கடதாசியில் அடிக்கிற புத்தகத்துக்கு ஏன் கல் என்று பெயர் என்று கேட்பார்கள். அதில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றான். எழுதுகிறேன் என்றேன்.

“இன்னொண்டு, அண்ணை. முதல் பக்கத்தில ‘கனகலிங்கம் அவர்களின் அன்பு மனைவியும்’ எண்டு வருது. அப்பாவின்ர பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போடுறதோ, விடுறதோ? அச்சடிக்கிறவர் கேக்கிறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ.”

உங்களில் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. அக்காவின் கணவர் கனகலிங்கம், சண்டைக் காலத்தில், கைக்குழந்தையாக இருந்த துஷ்யந்தனுக்குப் பால்மா வாங்கச் சைக்கிளில் போனவர். “போட்டு வாறன்” என்று, தன் பழக்கப்படி இடக்கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அக்கா தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. சைக்கிளும் இல்லை, ஒரு துண்டுச் சட்டைகூடக் கிடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து, இத்தனை வருடமாக எல்லாப் படிவத்திலும் ‘மணமானவர்’ என்ற கட்டத்திலேயே புள்ளடி போட்டார். நகரசபையில் ஒரு பெண் நல்ல மனதோடு, விதவைக் கட்டத்தில் போட்டால் சில சலுகைகள் உண்டு என்று சொன்னாளாம். அக்கா அவளிடம், “நீ கண்டனியோ?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆகவே, அந்த ஒரு சொல்லைப் போடுவதா விடுவதா என்பது என் தலையில் வந்து விழுந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் ஒரு பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா அங்கே ஒருநாளும் போகவில்லை. நானும் போகவில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு கல்லையும் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

எங்கள் கந்தோர் சூரிச்சில் இருக்கிறது. விமானத்திலிருந்து பிடித்த படங்களை வைத்து வரைபடம் கீறுகிற சின்ன இடம். ஊரில் அரசாங்க நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவர் அக்கா. இங்கே அதே மாதிரியான ஒரு கந்தோருக்கு, மாலை ஆறு மணிக்கு, கூட்டித் துடைக்க வந்தார். ஒருநாள் யாரோ திரையை அணைக்காமல் போயிருக்கிறார்கள், கண்ணாடியும் மேசையில் கிடந்திருக்கிறது. போட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் எங்கள் ஷெஃப் (இங்கே மேலதிகாரியை அப்படித்தான் சொல்வார்கள்) வரும்வரை வாளியோடு காத்திருந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாராம்: “உங்கள் பள்ளத்தாக்கு மலையாக இருக்கிறது.” ஷெஃப் சிரித்திருக்கிறார். பிறகு போய்ப் பார்த்தால் இடது கண்ணுக்குரிய படம் வலதுக்கும், வலதுக்குரியது இடதுக்கும் மாறிப் போடப்பட்டிருந்தது. அப்படி மாறினால் ஆறு மலையுச்சியில் ஓடும், மலை குழியாகத் தெரியும். கந்தோரில் மூன்று பேர் மூன்று நாளாக அதைக் கவனிக்கவில்லை. அந்த வாரமே அக்காவுக்கு ஒரு மேசை கிடைத்தது. வாளியை மட்டும் தானே கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

நான் அங்கே சேர்ந்தபோது அக்காவின் பக்கத்து மேசை. இரண்டு தமிழர் அருகருகே இருந்தால் பகல் முழுக்கக் கதைதான் நடக்கும் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எங்களுக்குள் நடந்தது முக்கால்வாசி சண்டை. நான் ஒரு கோட்டை அழகுக்காகக் கொஞ்சம் வளைத்துவிட்டால், தன் மேசையில் இருந்தபடியே கண்டுபிடிப்பார். “தம்பி, கண்டதைக் கீறும். நினைச்சதைக் கீறாதையும்.” இதை எனக்கு அவர் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். எனக்கு எரிச்சல் வரும். நானும் தொழில் படித்தவன்தானே! ஆனால் திரும்பப் பார்த்தால் கோடு பிழையாகத்தான் இருக்கும்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விமானம் போய்க்கொண்டே சில விநாடிக்கு ஒரு படம் எடுக்கிறது. ஒரே இடம் அடுத்தடுத்த இரண்டு படங்களில் விழும். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு மற்றது; அப்போது நிலம் எழும்பி நிற்கும். ஆனால் அந்தச் சில விநாடியில் யாராவது நடந்திருந்தால், அவர்களுடைய உயரம் பிழைத்துப்போகும். விமானம் போகிற திசையில் நடந்து போகிறவர்கள் நிலத்துக்குக் கீழே தெரிவார்கள். எதிரே வருகிறவர்கள் அந்தரத்தில் மிதப்பார்கள். இதை முதல் தரம் பார்த்த நாள் நினைவிருக்கிறது. விறகு சுமந்துகொண்டு ஒரு பெண், நிலத்துக்கு அடியில், தெளிவாக நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மேலே கற்களும் பாதையும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றிப்போட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்து பார்த்தார். “போறவை தாழுவினம். வாறவை மிதப்பினம். நிக்கிறவைதான் நிலத்தில நிப்பினம்” என்றார். பிறகு, “பயந்திட்டீரோ? நான் இவையளைத்தான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அந்தப் பள்ளத்தாக்கு வேலை வந்தது. வெகுதூரத்து மலைநாடு ஒன்று; அதன் பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. மேகம் ஏறி வராத உயரத்தில் ஒரு பாலைவனம். மரம் என்று ஒன்றுகூட இல்லை. வற்றிப்போன ஆறு, சாம்பல் நிறச் சரிவுகள், ஒவ்வொரு கல்லுக்கும் கல்லைவிட நீளமான நிழல். இங்கே சுவிஸ் மலைகளைக் கீறும்போது காடும் மாட்டுக் கொட்டிலும் தந்திக்கம்பமுமாகக் கண்ணுக்கு ஓய்வு இருக்கும். அங்கே கண்ணுக்கு ஒரு பிடியும் இல்லை. அரை நாள் பார்த்தால் அந்த நிசப்தம் காதுக்குள் வந்துவிடும். பின்னேரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டால்தான் நிம்மதி.

பள்ளத்தாக்கின் மேல்முனையில் பதினொரு வீடுகள் இருந்தன. கூரை இல்லை. வயல் வரம்புகள் மண்ணில் மங்கிப்போயிருந்தன. அங்கே ஓர் அணை கட்டுகிற திட்டத்துக்குத்தான் வரைபடம் கேட்டிருந்தார்கள். ஆள் இல்லாத இடம் என்று நாங்கள் குறித்தால், அணை கட்டுகிறவர்கள் யாரையும் போய்க் கேட்க மாட்டார்கள். தண்ணீர் வந்து மூடிவிடும். ஆள் இருக்கிற இடம் என்றால், போய்க் கேட்டே ஆக வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. கூரை இல்லாத வீட்டில் யார் இருப்பார்கள்? ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போடக் கையை வைத்துவிட்டேன்.

“பொறும், தம்பி” என்றார் அக்கா. “கடைசி வீட்டுக்குப் பக்கத்தில பாரும். ஆள் நிக்குது.”

நின்றது. ஓர் ஆள் உயரம், ஓர் ஆள் அகலம், பக்கத்தில் மெல்லிய நிழல். மிதக்கவுமில்லை, தாழவுமில்லை. அசையாமல் நிலத்தில் நின்றது. “கல்லாயிருக்கும், அக்கா” என்றேன். “இருக்கும்” என்றார். பிறகு எங்களிடம் இருந்த பழைய படங்களைத் தேடி எடுத்தார். பல வருடத்துக்கு முந்தியவை. அதே வீடு, அதே இடம், அதே உயரம். மூன்றாவது தொகுதியில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது. அந்த உருவம் வாசலின் மற்றப் பக்கத்தில் நின்றது.

“கல் மாறி நிக்குமோ?” என்று அக்கா கேட்டார். புள்ளடி போட வைத்த கையை எடுத்துக்கொண்டேன்.  அக்கா அந்த இடத்தில் ஒரு வேலைக்குறிப்பு எழுதினார்: ‘ஆள் இருக்கு.’

அந்தச் சொல்லை அக்காவிடமிருந்து நான் முன்னமே கேட்டிருந்தேன். இரண்டு பேரும் காலையில் ஊஸ்டரில்தான் ரயில் ஏறுவோம். முதல் நாள் அக்காவின் பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பை இருந்தது. எனக்காகத்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பையைத் தூக்கப் போனேன். “முன்னால இரும், தம்பி. உதில ஆள் இருக்கு” என்றார். சரி, யாரோ வரப்போகிறார்கள் என்று முன்னால் இருந்தேன். சனம் ஏறியது. ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, இந்த இடம் காலியா என்று கேட்டார். “பெசெட்ஸ்ட்” என்றார் அக்கா. ஆள் இருக்கு என்பதற்கு அவர்களின் சொல். ஸ்டாடல்ஹோஃபன் நிலையம் வந்து, நெரிசலில் எல்லோரும் நின்றுகொண்டு எங்களை முறைத்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் வரவில்லை. அடுத்த நாளும் அதேதான். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஊரில் பஸ்ஸில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். வருகிற ஆள் மட்டும் கொஞ்சம் சுணங்கிவிட்டார்.

வாசல் கொழுவியில் இருந்த ஜாக்கெட்டும் அந்த வகைதான். ஆண்கள் போடுகிற குளிர் ஜாக்கெட். சில வருடத்துக்கு ஒருமுறை, மலிவு விற்பனையில், புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார். பழையதை யாருக்காவது கொடுத்துவிடுவார். கடைசியாக வாங்கியது கருநீலம். அதற்கு நானும் கடைக்குப் போனேன். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “இப்ப கொஞ்சம் மெலிஞ்சிருப்பார்” என்று சொல்லி ஒரு அளவு சின்னதாக எடுத்தார். விசர் மனுஷி என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். எங்களுடைய வேலைக்குறிப்புகளை, மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்று, தமிழில் நினைத்து ரோமன் எழுத்தில் எழுதுவோம். ‘இது பிழை’, ‘திரும்பப் பார்’, கோபம் வந்தால் இன்னும் சிலதும் எழுதுவோம். அச்சுக்குப் போகுமுன் அவை எல்லாவற்றையும் நீக்க வேண்டியது என் பொறுப்பு. நீக்கினேன். ஒன்று மட்டும் என் கைபட்டு இடப்பெயர்களோடு போய்ச் சேர்ந்திருந்தது. சரிபார்த்தவருக்கு அந்தப் பள்ளத்தாக்கின் எல்லாப் பெயரும் ஒரே மாதிரித்தான் வாய்க்குள் நுழையாதவை, இதையும் விட்டுவிட்டார். படம் அச்சாகி வந்தது. கூரையில்லாத பதினொரு வீட்டுக்குப் பக்கத்தில் ரோமனில் நெடிலும் ளகரமும் இடைவெளியும் தொலைந்து, அழகான சாய்ந்த எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர் இருந்தது: அலிருக்கு.

“உமக்கு என்ன, கண் பிடரியிலையோ?” அக்கா கத்திய கத்தலில் கந்தோரே திரும்பிப் பார்த்தது. “இல்லாத ஊருக்குப் பேர் வைச்சிட்டீரே! நான் கீறின படத்தில பொய் எழுதிப்போட்டீரே!” என் பிழையை எனக்கு முதலே ஷெஃபிடம் போய்ச் சொன்னதும் அவர்தான். அடுத்த பதிப்பில் நீக்குவதாக முடிவானது. இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் அதற்குள் ரெட்டோ அங்கே போய்விட்டார். ரெட்டோ எங்கள் கள அளவையாளர். கிராவுபுண்டன் மலையில் பிறந்த, அதிகம் பேசாத மனிதர். அச்சான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்குள்ளவர்களிடம் ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் காட்டிச் சரியா என்று கேட்பது அவர் வேலை. திரும்பி வந்து பெயர்த்தாள்களை மேசையில் வைத்தார். நான் அந்த வரியைத் தேடினேன். அலிருக்கு: உறுதி செய்யப்பட்டது. உறுதி செய்தவர்: உள்ளூர் ஆண், முதியவர், கடைசி வீட்டு வாசலில்.

“யார் ரெட்டோ அது?”

“ஒரு மனிதர். வாசலில் நின்றார். பெயரை வாசித்தேன். தலையாட்டினார். நான் உச்சரித்தது பிழை என்று திருத்தினார்.”

“திருத்தினாரோ?”

ரெட்டோ தாளைத் திருப்பிக் காட்டினார். சொல்லுகிறபடி குறிக்க வேண்டும் என்பது விதி. முதலெழுத்துக்கு மேலே நெடிலுக்கான கோடு போட்டிருந்தார். நடுவில் பிரித்து இரண்டு சொல்லாக எழுதியிருந்தார். இரண்டாம் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, ‘நாக்கை மேலே மடிக்கிறார்’ என்று குறிப்பு எழுதியிருந்தார். ரெட்டோவுக்குத் தமிழில் வணக்கம்கூடத் தெரியாது. நான் அந்தத் தாளை வாய்விட்டு வாசித்தேன். ஆள் இருக்கு.

அக்கா நின்றுகொண்டிருந்தவர், அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். தாளை வாங்கினார். அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். கடைசியில் ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பேசும்போது அவர் எந்தக் கையைக் காட்டினார்? இடக்கையா?”

ரெட்டோ யோசித்தார். “கவனிக்கவில்லை, மன்னிக்க வேண்டும்” என்றார்.

அதன் பிறகு அக்கா அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பெயரை நீக்கச் சொல்லவும் இல்லை. உறுதி செய்யப்பட்ட பெயரை நீக்க விதியும் இடம் தராது. ஊர் என்று குறித்தபடியால், அணைக்காரர் நீர்மட்டத்தைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து ரெட்டோ மறுபடி போனார். கடைசி வீட்டு வாசலில் யாரும் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு கல் நிறுத்தியிருந்தது. அதற்கு ஓர் இற்றுப்போன கம்பளிக் கோட்டுப் போடப்பட்டிருந்தது. கீழ் ஊர்க்காரரிடம் கேட்டிருக்கிறார். வீட்டை விட்டு எல்லோரும் போகும்போது, திரும்பி வராத ஆள் ஒருவர் இருந்தால், அவருக்காக ஒரு கல்லை நிறுத்தி அவருடைய உடுப்பைப் போட்டுவிடுவது அங்குள்ள வழக்கமாம். வீடு வெறும் வீடு என்று யாரும் சொல்லக்கூடாதாம். பெயரைத் திருத்திய முதியவரைப் பற்றிக் கேட்டபோது, மேலே யாரும் இல்லை, கனகாலமாக யாருமில்லை என்றார்களாம்.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. ஆடு மேய்க்க வந்த ஒருவர், கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவர்களுடைய மொழியிலும் நாக்கை மடிக்கிற எழுத்து இருக்கலாம். கல்லை யாராவது இடம் மாற்றி நிறுத்தியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் அக்காவிடம் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஓம், இருக்கலாம். நீர் கண்டனீரோ?” என்றார்.

செத்தவீட்டில், தகனம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, ரெட்டோ என்னைத் தனியே கூப்பிட்டார். சங்கடத்தோடு சொன்னார். போன இலையுதிர் காலத்தில், புதிய படப்பிடிப்புக்காக நிலத்தில் வெள்ளைக் குறிகள் போட அவர் மறுபடி அங்கே போனார். போகுமுன் அக்கா அவர் வீட்டு வாசலுக்கே வந்து ஒரு பையைக் கொடுத்திருக்கிறார். உள்ளே கருநீல ஜாக்கெட். “அங்கே குளிர். கோட்டு இற்றுவிட்டது என்று சொன்னீர்களே” என்றாராம். ரெட்டோ அதைக் கொண்டுபோய் அந்தக் கல்லுக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். “அளவு சரியாக இருந்தது” என்றார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் அக்கா சொல்லியிருந்தாராம். நான் சிரிப்பேனாம். நான் அந்த இடத்திலேயே விம்மிவிட்டேன். ரெட்டோ என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

துஷ்யந்தனின் முதல் கேள்விக்குப் பதில் அது. இரண்டாவது மிஞ்சி நின்றது.

அந்த வாரமே புதிய படங்கள் கந்தோருக்கு வந்தன. அணைக்காரர் நீர்மட்டத்தைத் திரும்ப உயர்த்தப் பார்க்கிறார்கள். அலிருக்கு என்ற இடத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கேட்டு ஒரு படிவம் வந்திருந்தது. அக்காவின் மேசை என் பக்கத்தில் காலியாக இருந்தது. யாரோ அதன் கதிரையில் கோப்புகளை வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன். ஐந்து நாள் அந்தப் படங்களை நான் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பயம். திறந்தால் ‘இல்லை’ என்று போட வேண்டி வருமோ என்ற பயம் பாதி. மற்றப் பாதி என்ன பயம் என்று எனக்கே தெரியாது.

கல்வெட்டு அச்சுக்குப் போக வேண்டிய நாளும் படிவம் அனுப்ப வேண்டிய நாளும் ஒன்றாக வந்தன. பட்டப்பகல், நல்ல வெயில். அக்காவின் மேசை லாச்சியில் இருந்த அவருடைய முப்பரிமாணக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். படம் பிடித்த திகதியைப் பார்த்தேன். அக்கா போய் மூன்றாம் நாள்.

பள்ளத்தாக்கு எழும்பி வந்தது. ஆற்றங்கரையில் சில ஆடுகள் அந்தரத்தில் தொங்கின. வீடுகள் அப்படியே இருந்தன. கடைசி வீட்டு வாசலில் அது நின்றது. தோளில் கருநீலம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில், இன்னொன்று நின்றது. கொஞ்சம் குள்ளம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். இடது, வலது மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. அடுத்த படத்தோடு சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் மிதக்கவில்லை, தாழவில்லை. ரெட்டோவுக்கு எடுத்து, அங்கே எத்தனை கல் என்று கேட்டேன்.

“ஒன்று” என்றார்.

“நிச்சயமா?”

“ஒன்றுக்குத்தானே ஜாக்கெட் போட்டேன்.”

கீழ் ஊர்க்காரர் இன்னொரு கல்லை நிறுத்தியிருக்கலாம் என்றார் அவர். நிறுத்தியிருக்கலாம். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டே. ஒன்று, இடது பக்கக் காம்பில் நூல் சுற்றிய அந்தக் கண்ணாடி. அதற்குத் துஷ்யந்தனிடம் அனுமதி கேட்டேன். மற்றது, ஆயிரம் தரம் கேட்டு எரிச்சல்பட்ட அந்தப் பேச்சு. கண்டதைக் கீறும், நினைச்சதைக் கீறாதையும். படிவத்தில் ‘ஆள் இல்லை’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு, கடைசி வீட்டு வாசலில் இரண்டு புள்ளி வைத்தேன். இரண்டு உருவம் காணப்பட்டது, போய்க் கேட்கவும் என்று எழுதி அனுப்பினேன். அது பொய்யில்லை. பிறகு துஷ்யந்தனுக்கு எடுத்தேன்.

“தம்பி, அப்பா போனதை நீ கண்டனியோ?”

“இல்லை, அண்ணை.”

“நானும் காணேல்லை. அந்தச் சொல்லைப் போடாத.”

“அப்ப என்ன போடுறது?”

“ஒண்டும் வேண்டாம். பேருக்கு முன்னால ஒரு சொல்லுக்கு இடம் விடச் சொல்லு.”

இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்தக் கல்வெட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கனகலிங்கம் என்ற பெயருக்கு முன்னால் கொஞ்சம் வெள்ளை இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அச்சடிக்கிறவரும் கூப்பிட்டு, அந்த இடம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது, பெயரை முன்னுக்கு இழுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றேன். “அதில ஆள் இருக்கு.”